முதலில் கொல்லையை அளங்கள்

நம் தமிழ்க் குடும்பங்களில் குழந்தைகளின் பிறந்தநாள் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. ஒரு காலத்தில் காலையில் கோயிலில் ஓர் அர்ச்சனை, மத்தியானம் வடை பாயசம், சாயந்திரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சாக்லேட் என்ற அளவில் முடிந்துவிடும். பிறகு கேக் வந்தது. கேக்குக்குப் பின்னால் மாஜிக் நிபுணர் வந்தார். இப்போது காற்றடைத்த பலூன் மாளிகை வந்திருக்கிறது. வாடகைக்கு விடுகிறவர்கள் அதை 'பவுன்சி' என்கிறார்கள். தில்லிப் பிள்ளைகளுக்கோ, அதன் முகப்பில் சிங்கம் இருந்தாலும் யானை இருந்தாலும் பெயர் 'மிக்கி மவுஸ்'தான்.

நான் இதற்கு விரோதி அல்ல. நாள் முழுக்க நாலு சுவருக்குள்ளும் கைபேசிக்குள்ளும் அடைந்து கிடக்கும் பிள்ளைகள் ஒரு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்கக் குதித்தால் நல்லதுதான். என் ஆட்சேபணை வேறு. கல்யாணத்துக்குப் புடவை எடுப்பதுபோல் படத்தைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, பெரிதாக இருக்கிறதா என்று பார்த்து நாம் பலூனைத் தேர்ந்தெடுக்கிறோம். அதை வைக்கப்போகிற இடத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

போன கோடை விடுமுறையில் என் பேத்திக்கு ஆறு வயது பூர்த்தியாயிற்று. மகனுடையது மேற்கு தில்லியில் தரைத்தள டி.டி.ஏ. வீடு. பின்னால் 24 அடிக்கு 20 அடியில் ஒரு மண் தரை. ஊரில் இதைக் கொல்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் தில்லியில் இது கிடைப்பது புண்ணியம். மருமகள் வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து, 15 அடிக்கு 15 அடி பலூனுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டாள். "பதினஞ்சு அடிதானே மாமா, நம்ம இடம் இருபது அடி இருக்கே" என்றாள். கணக்கு சரிபோலத்தான் தோன்றியது.

உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் டேப் பிடித்து அளந்தவன் நான். பழக்கதோஷத்தால் அன்றைக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

பலூனுக்குச் சொல்கிற அளவு பலூனின் உடம்புக்கு மட்டும்தான். அது நிற்க அதைச் சுற்றியும் இடம் வேண்டும். பக்கத்துக்கு மூன்று அடியாவது விட்டால்தான் கயிறு இழுத்து முளை அடிக்க முடியும். பிள்ளைகள் ஏறி இறங்கும் முன்பக்கத்தில் ஆறு அடி வெறுமையாக இருக்க வேண்டும். பின்னால் காற்று ஊதும் புளோயருக்கு நாலு அடி. ஆக 15 அடி பலூனுக்கு 21 அடி அகலமும் 25 அடி நீளமும் தேவை. எங்கள் கொல்லையில் அகலத்திலும் ஓர் அடி குறைவு, நீளத்திலும் ஓர் அடி குறைவு. போதாததற்கு ஒரு மூலையில் குழாய், இன்னொரு மூலையில் பக்கத்து வீட்டு வேப்பமரத்தின் கிளை, சுவரின் மேல் திருடனுக்காகப் பதித்த கண்ணாடிச் சில்லு.

தரையை மட்டும் அளந்தால் போதாது, அண்ணாந்தும் பார்க்க வேண்டும். இந்தப் பலூன்கள் பத்துப் பன்னிரண்டு அடி உயரம் எழும்பி நிற்பவை. நம் காலனிகளில் அந்த உயரத்தில் மின்கம்பி, கேபிள் கம்பி, துணி உலர்த்தும் கம்பி எல்லாம் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. மின்கம்பிக்குக் கீழே பலூன் என்ற பேச்சே கூடாது.

சாமானுடன் வந்த ஆளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் சற்றும் அசரவில்லை. "மாடியில போட்டுடலாம், அங்கிள்ஜி. குச் நஹி ஹோகா" என்றான். இந்த 'குச் நஹி ஹோகா'வைத்தான் தில்லியில் எத்தனையோ வருஷங்களாகக் கேட்டு வருகிறேன். ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவன் வீட்டுக்குப் போய்விடுவான். ஆகிவிட்டால் நிற்கப் போகிறவர்கள் நாம்.

மாடியில் ஏன் கூடாது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பலூன் மாளிகை என்பது ஒரு பெரிய பாய்மரம். காற்றுக்கு முகம் காட்டி நிற்கும். பதினைந்து அடி அகலம், பத்து அடி உயரமுள்ள ஒரு பக்கத்தின் மேல் மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மோதினால், அது தள்ளும் விசை ஏறக்குறைய 100 கிலோ எடைக்குச் சமம். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்காகும். மே, ஜூனில் இங்கே வீசும் ஆந்தி மணிக்கு 60, 70 கிலோமீட்டரைச் சுலபமாகத் தொடும். நீலமாக இருக்கும் வானம் பத்து நிமிஷத்தில் செம்மண் நிறமாவது தில்லிவாசிகளுக்குத் தெரியாத சங்கதி இல்லை.

இங்கிலாந்தில் இதற்கென்று விதிமுறை வைத்திருக்கிறார்கள். காற்று மணிக்கு 38 கிலோமீட்டரைத் தாண்டினால் பலூனை இறக்கிவிட வேண்டும். குறைந்தது ஆறு இடங்களில் கட்ட வேண்டும். மண் தரையானால் 38 சென்டிமீட்டர், அதாவது 15 அங்குல நீளமுள்ள இரும்பு முளைகள் வேண்டும். முளை அடிக்க முடியாத சிமெண்டுத் தரையானால் கட்டும் இடம் ஒவ்வொன்றிலும் 163 கிலோ எடை வைக்க வேண்டும். ஆறு இடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் ஒரு டன்னுக்குச் சற்றுத்தான் குறைவு. 50 கிலோ சிமெண்டு மூட்டையில் கணக்கிட்டால் மொத்தம் இருபது மூட்டை. நம் ஊர் ஆட்கள் அரை மூட்டை மணலில் நாலு கொண்டுவருகிறார்கள். போதாதென்றால் கேட்டிலும், தண்ணீர்க் குழாயிலும், நிறுத்தி வைத்த ஸ்கூட்டரிலும் கட்டுகிறார்கள். மாடியிலோ மூன்றடிக் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் அந்தரம்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2016 மார்ச்சில் இங்கிலாந்தின் ஹார்லோ நகரில் ஒரு பூங்காவில் இருந்த பலூனைக் காற்று அடித்துக்கொண்டு போனதில் 7 வயதுச் சிறுமி இறந்தாள். சரியாகக் கட்டவில்லை, காற்றைக் கவனிக்கவில்லை என்று நடத்தியவர்கள் இருவருக்கும் 2018இல் சிறைத் தண்டனை கிடைத்தது. 2021 டிசம்பர் 16 அன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், டெவன்போர்ட் என்ற ஊரின் தொடக்கப் பள்ளி ஒன்றில் வருஷக் கடைசிக் கொண்டாட்டம். திடீரென்று எழுந்த சுழல்காற்று பலூனைத் தூக்கிவிட்டது. ஆறு குழந்தைகள் இறந்தார்கள். விதிகள் எழுதி வைத்திருக்கும் தேசங்களிலேயே இப்படி என்றால், 'குச் நஹி ஹோகா' தேசத்தில் நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

மாடி கிடையாது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். பேத்தியின் முகம் சுண்டிப் போயிற்று. மருமகள் வாய் திறக்கவில்லை, ஆனால் பாத்திரங்கள் பேசின. மகன் என்னைத் தனியே அழைத்து, "அப்பா, ஒரு நாள்தானே, எல்லாத்துக்கும் டேப்பை வச்சு அளந்தா எப்படிப்பா?" என்றான். கடைசியில் அந்த ஆளிடம் 10 அடிக்கு 10 அடியில் ஒன்று இருப்பது தெரிந்தது. அதற்கு 16 அடி அகலம், 20 அடி நீளம் போதும். குழாயையும் மரக்கிளையையும் ஒதுக்கிவிட்டுக் கச்சிதமாக உட்கார்ந்தது. மண்ணில் ஆறு முளைகளையும் என் கண் முன்னால் அடிக்க வைத்தேன்.

சின்னதானால் எல்லாப் பிள்ளைகளும் எப்படி ஏறுவது என்று கேட்கலாம். பத்தடிப் பலூனில் சுவர்க் கனம் போனால் குதிக்க மிஞ்சுவது எட்டடிச் சதுரம். ஒரு சமயத்தில் நாலு சின்னப் பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று வைத்தேன். வந்திருந்த பதினாறு பேரையும் நாலு நாலாகப் பிரித்து, ஒரு கோஷ்டிக்குப் பத்து நிமிஷம். ஆறு வயதுடன் ஆறு வயது, பத்து வயதுடன் பத்து வயது. பெரிய பையன் குதிக்கும்போது சின்னவள் பக்கத்தில் இருந்தால், அவள் அவனைவிட உயரமாகத் தூக்கி எறியப்படுவாள். கை கால் முறிவது பெரும்பாலும் இப்படித்தான். செருப்பு, மூக்குக் கண்ணாடி, ஹேர்பின் எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொன்னோம். பட்டுப்பாவாடையும் கொலுசுமாக வந்த பெண்களுக்குக் கொலுசைக் கழற்றி அவரவர் அம்மாவிடம் கொடுத்தோம். ஒரு பெரியவர் நகராமல் பக்கத்திலேயே நின்றார். வேறு யார், நான்தான்.

இன்னொரு விஷயம் மின்சாரம். இந்தப் பலூனில் ஒரு தடவை காற்றடைத்து மூடிவிடுவதில்லை. தையல் வழியே காற்று கசிந்துகொண்டே இருக்கும், புளோயர் ஊதிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் மாளிகை தொய்ந்து பிள்ளைகள் மேலேயே படுத்துவிடும். அதனால் இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ இருக்கிறதா என்று முதலிலேயே கேட்க வேண்டும். இல்லையென்றால், கரண்ட் போனதும் பிள்ளைகளை இறக்க வாசலில் ஓர் ஆள் நிற்க வேண்டும். மேஜை விளக்குக்கு வாங்கிய ஒல்லி ஒயரை நீட்டி புளோயருக்குப் போடக்கூடாது. கனமான ஒயர், 15 ஆம்பியர் பிளக், வீட்டில் ஈ.எல்.சி.பி. இவை மூன்றும் அவசியம்.

மூன்றாவது கோஷ்டி ஏறிக் கொஞ்ச நேரத்தில் மேற்கே வானம் மங்கியது. வேப்பமரம் லேசாகத்தான் அசைந்தது. நான் எல்லோரையும் இறங்கச் சொல்லி புளோயரை நிறுத்தச் சொன்னேன். நாலாவது கோஷ்டி "தாத்தா, இது அநியாயம்" என்று கூக்குரல் போட்டது. பிள்ளைகளை உள்ளே அனுப்பி, துணியை மடித்து அதன் மேல் மணல் மூட்டைகளைத் தூக்கி வைப்பதற்குள் ஆந்தி வந்துவிட்டது. கூடவே கரண்டும் போயிற்று. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கேக் வெட்டினோம். பிள்ளைகளுக்கு அது இன்னும் குஷி. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் காலை, மாடியில் இருந்த எங்கள் தண்ணீர்த் தொட்டியின் மூடி அடுத்த பிளாக்கில் கிடந்தது. மகன் அதைக் கையில் எடுத்து வந்து என் முன்னால் வைத்தான். ஒன்றும் சொல்லவில்லை.

பெருமைக்காக இதை எழுதவில்லை. அன்று முகம் சுண்டிய பேத்தியைப் பார்த்து நானும் மனம் இளகி, 'சரி, மாடியிலேயே போடு' என்று சொல்லியிருக்கக் கூடியவன்தான். அப்படிச் சொல்வது அத்தனை சுலபம். வீட்டில் விருந்தாளி வந்துகொண்டிருக்கும்போது, சாமான் வந்து இறங்கிய பிறகு, வேண்டாம் என்று சொல்வதுதான் கஷ்டம். ஆகவே அளக்கிற வேலையை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். எத்தனை முளை, எத்தனை மூட்டை, கூட ஆள் இருப்பானா, காற்று வந்தால் நிறுத்துவானா என்று அப்போதே கேளுங்கள். நிறுத்தினால் பணம் திரும்ப வருமா என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். அது தீராவிட்டால், கொடுத்த காசுக்காகக் காற்றில் பிள்ளைகளைக் குதிக்கவிடும் சபலம் நமக்கே வரும்.

இடமே போதவில்லை என்றால் என்ன செய்வது? நாலாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருப்பவர்கள்தான் நம்மில் அதிகம். அவர்களுக்கு என் யோசனை இது. ஒரே மாதத்தில் பிறந்தநாள் வரும் மூன்று நாலு குடும்பங்கள் சேர்ந்துகொள்ளுங்கள். சொசைட்டியின் புல்தரைக்கோ, தெரிந்த பள்ளியின் மைதானத்துக்கோ எழுத்து மூலம் அனுமதி வாங்கி, காற்றடங்கிய பிப்ரவரி, நவம்பர் மாதமாகப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய பலூனாகவே போடலாம். செலவும் பங்காகும். நம் சங்கமே வருஷத்துக்கு இரண்டு தடவை இதை ஏற்று நடத்தினால் என்ன என்பதைச் செயற்குழுவின் யோசனைக்கு வைக்கிறேன்.

அதுவும் முடியாவிட்டால், பலூன் இல்லாமலே பிறந்தநாள் நடக்கட்டும். வடையும் பாயசமும் எப்போதும் போல இருக்கவே இருக்கின்றன. டேப் வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளலாம்.