முழங்காலுக்கு ஓய்வா, வேலையா?

உங்களுக்கு வயது நாற்பத்தைந்து என்று வைத்துக்கொள்வோம். அரிவாள்மணையில் காய் நறுக்கிவிட்டு எழுந்திருக்கும்போது, "அம்மாடி!" என்று கை தானாகச் சுவரைத் தேடுகிறது. மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டமாயிருக்கிறது. காலையில் முழங்கால் மடங்க மறுக்கிறது. பத்து நிமிஷம் நடமாடினால் வழிக்கு வருகிறது.

டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "மூட்டு தேய ஆரம்பித்திருக்கிறது" என்கிறார். அவ்வளவுதான்! அன்றே வீட்டில் ஒரு சட்டம் பிறந்துவிடுகிறது: "இனிமேல் நீ நடக்காதே, உட்கார்!" கோயிலுக்குப் போவது நிற்கிறது, கடைக்குப் போவது நிற்கிறது. அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் முழங்காலுக்கு அந்த அன்பே சத்துரு!

தேய்மானம் என்றதும் நமக்குச் செருப்பும் வண்டிச் சக்கரமும் ஞாபகம் வருகின்றன. மூட்டின் சங்கதி வேறு. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் திரவம்தான் அதற்கு ஆகாரம். நடக்கும்போது அழுந்தி அழுந்தி விடுபட்டு, பஞ்சு தண்ணீரை இழுப்பதுபோல் அதை இழுத்துக்கொள்கிறது. நீங்கள் உட்கார்ந்தே இருந்தால் குருத்தெலும்பு பட்டினி! தொடைத் தசையும் இளைத்துவிடும். பிறகு அது தாங்கிய பாரமும் மூட்டின் தலையில்தான் விழும்.

ஆகவே, முழங்காலுக்கு அளவாக வேலை கொடுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, காலையும் மாலையும். சமதரையில் தினமும் நடவுங்கள். கொஞ்சம் வலித்தால் பயம் வேண்டாம். மறுநாளும் வலி அதிகமாகவே இருந்தால் அளவைக் குறையுங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதுவரை பொறுமை வேண்டும்.

வலி மிகுந்த நாட்களில் சம்மணமும் குந்தி உட்காருவதும் வேண்டாம். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். உடம்பு பருமனா? 1 கிலோ எடை குறைந்தால், வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ பாரம் குறைகிறது. இதைவிட லாபமான வியாபாரம் உண்டா?

எக்ஸ்ரேயைப் பார்த்துக் கலங்காதீர்கள். படத்தில் தேய்மானம் தெரிந்தும், வலியே இல்லாமல் நடமாடுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் முழங்கால் சிவந்து, சூடாகி, வீங்கினாலும், ஜுரம் கண்டாலும், மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலும், காலைப் பிடிப்பு அரைமணிக்கு மேல் நீடித்தாலும் டாக்டரிடம் போகத் தாமதிக்க வேண்டாம்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் நாற்காலியை இழுத்துப் போடாதீர்கள். "வாம்மா, கோயில் வரை போய் வரலாம்" என்று செருப்பை எடுத்து வையுங்கள்!