நாலு நாளில் ஒரு நகரம்: கோலாலம்பூருக்குப் போகும் மலையகப் பொடியன்களுக்கு

"ரெண்டு நாளில் ஒரு ஊரைப் பார்த்துவிட முடியுமா?" என்ற கேள்வியை எல்லக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. எங்கள் ஊரை உலகமே ரெண்டு நாளில்தான் பார்த்துவிட்டுப் போகிறது. வந்து இறங்குகிற அன்று பின்னேரம் ஒன்பது வளைவுப் பாலம். அடுத்த நாள் விடியக்காலை லிட்டில் அடம்ஸ் பீக், கால் வலிக்காவிட்டால் எல்ல ரொக். போகிற வழியில் இராவணன் நீர்வீழ்ச்சி. மூன்றாம் நாள் பை தோளில் ஏறிவிடும். அவர்கள் எடுத்த நூற்றுக்கணக்கான போட்டோக்களில் எங்கேயாவது ஓர் ஓரத்தில் கொழுந்துக் கூடையோடு எங்கள் சித்தியோ பெரியம்மாவோ நிற்பார். அவர் பெயர் என்ன, எந்த லயத்தில் இருக்கிறார், அந்த லயம் நிற்கிற மண் யாருடையது என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் குறைவு.

இதை வெள்ளைக்காரரைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. இப்போது நம்மளும் போகத் தொடங்கிவிட்டோம் என்பதற்காகச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து சிங்கப்பூர், பேங்கொக், கோலாலம்பூர் என்று மூன்று நாள், நான்கு நாள் பெக்கேஜ் போடுகிறார்கள். வேலைக்குப் போய்ச் சம்பாதித்த அண்ணன்மார், கெம்பஸ் முடித்து முதல் சம்பளம் எடுத்த அக்காமார், சந்திப்பு, பயிற்சிப் பட்டறை என்று யாரோ டிக்கட் எடுத்துக் கொடுத்ததால் போகிற என்னைப் போன்றவர்கள் என்று பலர் போகிறோம். போய்விட்டு வந்து இரட்டைக் கோபுரத்தின் முன்னால் நின்ற போட்டோவைப் போடுகிறோம். "செம சிட்டி மச்சான்" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

என்னுடைய கட்சி இதுதான்: குறுகிய பயணம் என்பது குற்றம் இல்லை. நாலு நாளில் ஒரு நகரத்தை முழுசாகப் புரிந்துகொள்ள யாராலும் முடியாது, தேவையும் இல்லை. ஆனால் ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். தோட்டத்தில் பிறந்தவர்கள் கோலாலம்பூருக்குப் போனால் எடுத்துக்கொண்டு போக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. தோட்டம் நகரமாக மாறும்போது தோட்டத்து மக்கள் எங்கே போனார்கள்?

முதல் பார்வையில் அந்த நகரம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்க விடாது. மூச்சு விட இடமில்லாத வேகம். தலைக்கு மேலே ஒரு ரயில், காலுக்குக் கீழே ஒரு ரயில். 452 மீற்றர் உயரமான இரட்டைக் கோபுரம் ஒரு காலத்தில் உலகத்திலேயே உயரமானதாக இருந்தது. இப்போது அதே நகரத்தில் 679 மீற்றரில் மெர்டேக்கா 118 நிற்கிறது. பண்டாரவளை டவுனில் மூன்று மாடிக் கடையையே அண்ணாந்து பார்த்து வளர்ந்த எனக்குக் கழுத்து வலித்தது. கோலாலம்பூர் என்ற பெயருக்கு அர்த்தம் சேறு கலந்த ஆற்றுச் சந்தி. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேருகிற அந்த இடத்தில், 1909இல் கட்டிய ஜாமெக் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால், ஈயம் தோண்ட வந்த சீனர்களின் ஒரு சின்னக் குடியிருப்பா இவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்று ஆச்சரியமாக இருக்கும்.

ஆச்சரியப்படுவதில் தப்பில்லை. அதோடு நின்றுவிடாமல் பிரிக்பீல்ட்ஸ் போங்கள். எல்லாரும் எப்படியும் போகத்தான் போகிறீர்கள். கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். வாழையிலைச் சாப்பாடு, பூக்கடை, சேலைக்கடை, எட்டுத் திசையிலும் தமிழ்ப் பாட்டு. அந்தப் பெரிய வீதியின் பெயர்ப் பலகையை மட்டும் நின்று வாசியுங்கள். ஜாலான் துன் சம்பந்தன்.

யார் இந்தச் சம்பந்தன்? நம்ம ஊர்ச் சம்பந்தன் ஐயா இல்லை. வீ. தி. சம்பந்தன் மலேசிய இந்தியன் காங்கிரஸின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர். 1950களில் மலாயாவிலிருந்த வெள்ளைக்காரக் கம்பனிகள் தங்கள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி விற்கத் தொடங்கின. அங்கே அதைத் 'தோட்டத் துண்டாடல்' என்று சொல்கிறார்கள். தோட்டம் விற்கப்பட்டால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். ஏனென்றால் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதா? அந்த நேரத்தில் சம்பந்தனும் மற்றவர்களும் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில் அந்தச் சங்கம் தோட்டங்களை விலைக்கு வாங்கியது. பால்மரம் வெட்டியவர்கள் தோட்டத்தின் பங்காளிகள் ஆனார்கள்.

மலையகத்தில் 200 வருடம் இருந்தும் நம்மில் பலருக்கு இந்த வரலாறு தெரியாது. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. பிரிக்பீல்ட்ஸில் சோறு சாப்பிட்டுவிட்டு அந்தப் பலகைக்குக் கீழே செல்பி எடுக்கிற ஆயிரம் பேரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள்?

அங்கே ஒருவரோடு பேசினால் இன்னொரு விஷயம் விளங்கும். காரில் ஏறியதும் ஓட்டுநர் அண்ணன் "எங்கேருந்து?" என்று கேட்டார். இலங்கை என்றேன். "யாழ்ப்பாணமா?" என்றார். அவர் அப்படிக் கேட்டதற்கு நியாயம் இருக்கிறது. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை செய்ய ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தவர்களை வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் கூட்டிக்கொண்டு போனான். மலேசியாவில் 'சிலோன் தமிழர்' என்றால் அவர்கள்தான். "இல்லண்ணே, மலையகம்" என்றேன். விளங்கவில்லை. "தேயிலைத் தோட்டம்" என்றேன். உடனே கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அட, எஸ்டேட்டா? நாங்களும் எஸ்டேட்தான் தம்பி." அவர் பிறந்த தோட்டம் இப்போது இல்லையாம். வீடமைப்புத் திட்டமாகிவிட்டதாம். அம்மா ஒரு மலிவு விலை அடுக்குமாடியில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஒன்பதாவது மாடியில் இருக்கிறாராம்.

நம்மையும் அவர்களையும் பிரித்தது ஒரு கங்காணியின் கைதான். திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்துக் கிராமங்களில் ஒரே பஞ்சத்துக்குப் பயந்து கிளம்பியவர்களில் ஒருவர் மன்னார்ப் பக்கம் இறங்கி மலைக்கு நடந்தார். இன்னொருவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார். இவருக்குக் கொழுந்து, அவருக்குப் பால். இரண்டு பேருக்கும் லயம், துரை, மாரியம்மன் கோவில், கள்ளுக்கடை. 1948இல் இங்கே குடியுரிமையைப் பறித்தார்கள். 1969க்குப் பிறகு அங்கே குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தது. பல ஆயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள்.

பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. நகரம் பெருத்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நகரத்தின் ஓரத்தில் இருந்த தோட்டங்களில் வீடும் வீதியும் மைதானமும் வந்தன. 2025 டிசம்பர் 27ஆம் திகதி 'ஜனநாயகன்' படத்தின் பாடல் வெளியீட்டு விழா நடந்த மைதானத்தை நம்ம பொடியன்கள் எல்லாரும் போனில் பார்த்திருப்பீர்கள். புக்கிட் ஜாலில். 1998 பொதுநலவாய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய அரங்கம். அந்த இடம் முன்பு ரப்பர் தோட்டம். அந்தத் தோட்டத்தில் கடைசியாக மிஞ்சிய குடும்பங்கள், பரம்பரையாக உழைத்த மண்ணில் வீடு கட்டிக்கொள்ள நாலு ஏக்கர் கொடுங்கள் என்று பல வருடம் போராடினார்கள். அவர்கள் கேட்டது மைதானத்தை இல்லை, நாலு ஏக்கரை.

சரி, "மலேசியாத் தமிழன் நம்மளவிட நல்லாத்தானே இருக்கான்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் அங்கே இருக்கின்றன. டொக்டர், வக்கீல், வியாபாரி என்று உயர்ந்தவர்கள் நிறைய. பத்துமலையில் 42.7 மீற்றர் உயர முருகன் சிலையும் 272 படிகளும் உலகம் முழுக்கத் தெரிந்தவை. நாடு வளர்ந்தபோது அவர்களில் ஒரு பகுதியும் வளர்ந்தது. ஆனால் தோட்டத்திலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் வெளியேறியவர்கள் முதலில் புறம்போக்கு நிலத்தில் பலகைக் குடிசை போட்டார்கள். பிறகு அதையும் உடைத்து அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். இன்று செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். நூறு வருடத்துக்கு முன்னால் நம் ஆட்கள் நின்ற இடத்தில் இன்று வேறு ஒரு ஏழை நிற்கிறான். அவனுக்கும் வீடு வேலையோடுதான் கட்டப்பட்டிருக்கிறது.

இப்போது எல்லவுக்கு வருவோம். எங்கள் ஊர் கோலாலம்பூர் ஆகப் போவதில்லை. ஆனால் தோட்டத்தின் ஓரம் டவுன் ஆகிக்கொண்டிருக்கிறது. ரோட்டோரக் காணியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். மலையகத்தில் பழைய துரை பங்களாக்கள் ஹோட்டல்களாகிவிட்டன. லயம் மட்டும் லயமாகவே இருக்கிறது. தோட்டக் காணியில் பெரும்பகுதி அரசுடையது. 1992இலிருந்து நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம். அதில் 200 வருடமாக இருப்பவர்களுக்கு 7 பேர்ச், 10 பேர்ச் என்று கணக்குப் பார்த்து, அதுவும் சிலருக்கு மட்டும் கிடைக்கிறது. நாளைக்கு இங்கே தேயிலையைவிட ஹோட்டல் லாபம் என்று யாராவது முடிவெடுத்தால், எங்கள் அம்மாயி எந்தக் காகிதத்தைக் காட்டி "இது என் வீடு" என்று சொல்வார்?

இது வெறும் பயம் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களையே விழுங்கியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்கள் மோசமாக அடிபட்டன. உலகமே போட்டோ எடுத்த மலையக ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. பாதையைச் சரிசெய்ய வேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. சுற்றுலாப் பயணிகள் திரும்ப வரவேண்டும் என்பதிலும் ஒரே கருத்து. மண்சரிவு அபாயத்தில் இருக்கிற லயத்து ஆட்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் சொந்தக் காணி என்று வந்தால் மட்டும் "பார்ப்போம்" என்கிறார்கள்.

"சுற்றுலாவால வேலை கிடைக்குதுதானே, அதையும் கெடுக்கப் பார்க்கிறியா?" என்று ஊரில் கேட்பார்கள். கெடுக்க வேண்டாம். என்னோடு படித்த பலர் கெஸ்ட் ஹவுஸ், ரெஸ்டோரன்ட் வேலைக்குப் போய்த்தான் குடும்பத்தைப் பார்க்கிறார்கள். மலையில் பெரட்டுக்கு நிற்பதைவிட அது மேல் என்பது அவர்கள் முடிவு, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு சின்ன வித்தியாசத்தைப் பாருங்கள். டவுனில் சொந்தக் காணி வைத்திருப்பவர் முன் அறையைத் திருத்தி ரெண்டு கட்டில் போட்டால் அவர் முதலாளி. லயத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு திறமை இருந்தாலும், ஐந்து மொழி பேசினாலும், ரூமைக் கூட்டுகிற வேலைதான். அவருடைய வீட்டை அடகு வைத்து வங்கியில் கடன் எடுக்க முடியாது. அது அவருடைய வீடே இல்லை. சுற்றுலா வருவதும் வராததும் நம் கையில் இல்லை. வரும்போது நம் காலுக்குக் கீழே சொந்த மண் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதனால்தான் சொல்கிறேன், கோலாலம்பூர் போங்கள். கோபுரத்தைப் பாருங்கள், பத்துமலை ஏறுங்கள், தே தாரிக் குடியுங்கள். அதோடு ரெண்டு மணித்தியாலம் ஒதுக்கி, தோட்டத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு பேசுங்கள். "உங்க தோட்டம் இப்ப என்னவா இருக்கு? வெளியேறும்போது என்ன கொடுத்தாங்க? அப்பவே என்ன கேட்டிருக்கணும்னு இப்ப நினைக்கிறீங்க?" மூன்றே கேள்வி. தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே பதில் வரும். பெரும்பாலான வெளிநாட்டுப் பயணிகளுக்கு இந்த நகரத்தில் இந்த வசதி இல்லை.

அந்தப் பதில்களைக் கொண்டுவந்து நம் சங்கக் கூட்டத்தில், கோவில் கமிட்டியில், கெம்பஸ் வகுப்பில் பேசுங்கள். அவர்கள் தோட்டம் போன பிறகு நாலு ஏக்கர் கேட்டார்கள். நமக்குத் தோட்டம் இன்னும் இருக்கிறது. கேட்பதை இப்போதே கேட்போம்: பாதுகாப்பான இடம், நம் பெயரில் உறுதிப் பத்திரம், அதுவும் வீட்டில் இருக்கிற பெண்ணின் பெயரையும் சேர்த்து. சம்பள உயர்வு வேண்டும்தான். ஆனால் சம்பளம் மாதக் கடைசியில் முடிந்துவிடும். மண் அடுத்த தலைமுறைக்கும் நிற்கும்.