இலவச இணைப்புக்குக் காத்திருப்பதா, சோலார் பம்ப் போடுவதா?

“மூன்று ஏக்கர் வைத்திருக்கிறேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. டீசல் இன்ஜின் வைத்துத்தான் இறைக்கிறேன். இலவச மின் இணைப்புக்குப் பதிந்து பல வருடமாகிறது. மானியத்தில் சோலார் பம்ப் போடச் சொல்கிறார்கள். நாட்டில் சோலார் மின்சாரம் பெருகிவிட்டது என்கிறார்கள். ஆனால், இணைப்பு உள்ள பக்கத்துத் தோட்டத்துக்காரர் ராத்திரியில் டார்ச் லைட்டோடுதான் மோட்டார் போடப் போகிறார். நான் என்ன செய்வது?”

- ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

ராத்திரி கரண்ட் விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். மின்சாரத்தை நெல்லைப் போல குதிரில் கொட்டி வைக்க முடியாது. தேவைப்படும் நொடியிலேயே உற்பத்தியாக வேண்டும். அனல்மின் நிலையத்தை நினைத்தபோது அணைத்து, நினைத்தபோது ஓட்டவும் முடியாது. அதனால், ஊர் தூங்கும் நேரத்தில் மிஞ்சியதைப் பம்புசெட்டுகளுக்குத் திருப்பிவிட்டார்கள். ராத்திரி முறை வந்தது இப்படித்தான்.

இப்போது மிச்சம் இடம் மாறிவிட்டது. 2025-ம் ஆண்டின் நடுவில், நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு, டீசல் சாராதது என்ற நிலையை எட்டினோம். சூரியசக்தி, காற்றாலை, நீர்மின், அணுமின் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. ஆனால், திறன் வேறு, உற்பத்தி வேறு. கம்பியில் ஓடும் மின்சாரத்தில் இன்றும் பெரும்பங்கு நிலக்கரியுடையதே. பொழுது சாய்ந்தால் சோலார் நின்றுவிடும். வீடுகளில் விளக்கு எரியத் தொடங்குவதும் அப்போதுதான். ஆக, மதியத்தில் மிச்சம், மாலையில் நெருக்கடி.

இதனால்தான் பம்புசெட்டைப் பகலுக்குக் கொண்டுவரும் கொள்கைகள் வருகின்றன. மகாராஷ்டிரா 2017-லேயே, விவசாய மின்பாதைகளுக்கென்று தனி சோலார் நிலையங்கள் அமைத்துப் பகலில் மின்சாரம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மத்திய அரசின் பி.எம்-குசும் திட்டம் 2019-ல் வந்தது. அதில் மூன்று பிரிவுகள். தரிசு நிலத்தில் சிறிய சோலார் நிலையம் அமைப்பது ஒன்று. மின் இணைப்பு இல்லாத இடத்தில் தனி சோலார் பம்ப் போடுவது இரண்டாவது. ஏற்கெனவே இணைப்புள்ள பம்புகளைச் சோலாருக்கு மாற்றுவது மூன்றாவது. உங்களுக்குப் பொருந்துவது இரண்டாவது பிரிவு.

தமிழ்நாட்டில் இதை வேளாண்மைப் பொறியியல் துறை செய்கிறது. மத்திய அரசு 30 சதவிகிதம், மாநில அரசு 30 சதவிகிதம் என மானியம். மீதி உங்கள் பங்கு. ஆதிதிராவிடர், பழங்குடியின சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியம் உண்டு.

பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, ஆழம். கோடையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கயிறு விட்டு அளந்து பாருங்கள். அதே பேனல், 100 அடியிலிருந்து எடுக்கும் தண்ணீரில் ஏறக்குறைய பாதியைத்தான் 200 அடியிலிருந்து எடுக்கும். குதிரைத்திறனை முடிவுசெய்ய வேண்டியது இந்த அளவை வைத்துத்தான். பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து அல்ல.

இரண்டாவது, நிழல். தென்னை மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும், வரிசையாக இணைத்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையும். தெற்கு பார்த்த, நிழல் விழாத இடம் வேண்டும். தூசியைத் துடைக்கவும் ஆள் வேண்டும். காலையிலோ மாலையிலோ கழுவுங்கள், சுடும் கண்ணாடிமீது தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மூன்றாவது, கையெழுத்து. இலவச இணைப்புக்குப் பதிந்திருப்பதால், சோலார் பம்ப் எடுத்தால் உங்கள் மூப்பு வரிசை என்னவாகும் என்று மின்வாரியத்திலும் பொறியியல் துறையிலும் கேளுங்கள். சம்மதக் கடிதத்தை முழுவதும் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பம்ப் நிறுவும் நிறுவனம் 5 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. அந்த ஒப்பந்த நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குசும் பெயரில் போலி இணையதளங்கள் நடத்திப் பணம் பறிக்கிறார்கள் என்று மத்திய அரசே பலமுறை எச்சரித்திருக்கிறது. போனில் கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தண்ணீர். டீசல் இன்ஜினில் ஒவ்வொரு மணி நேரமும் காசு கரைவதால், வயல் நனைந்ததும் கை தானாக நிறுத்தப் போகும். சோலாரில் அந்தக் கடிவாளம் கிடையாது. வெயில் இருக்கும்வரை ஓடட்டும் என்று விட்டால், நாலைந்து கோடையில் கிணறு கீழே போய்விடும். அப்புறம் பேனல் இருக்கும், தண்ணீர் இருக்காது. நிலத்தடி நீர் மிகவும் குறைந்த பகுதிகளில் புதிய சோலார் பம்புக்கு இந்தத் திட்டத்தில் அனுமதியில்லை. இருக்கிற டீசல் பம்பை மாற்றலாம், அதுவும் சொட்டுநீர் போன்ற நுண்ணீர்ப் பாசனம் இருந்தால்தான் என்று விதி வைத்திருப்பது இதனால்தான்.

என் கருத்து: கோடையிலும் கிணற்றில் தண்ணீர் மேலாக நின்றால், சோலார் பம்பும் சொட்டுநீரும் சேர்த்துப் போடுங்கள். டீசல் செலவு மிச்சம். ராத்திரியில் பாம்புக்கும் பூச்சிக்கும் பயந்து வயலுக்குப் போக வேண்டியதில்லை. கோடையில் ஒரு மணி நேர இறைப்புக்கே கிணறு வற்றிவிடுகிறது என்றால், கடன் வாங்கிப் பேனல் போடாதீர்கள். முதலில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டுங்கள். உங்கள் பகுதியில் உள்ள உதவி செயற்பொறியாளர் (வேளாண்மைப் பொறியியல் துறை) அலுவலகத்தில் இரண்டுக்கும் விசாரிக்கலாம். போகும்போது கோடை நீர்மட்ட அளவையும் எழுதி எடுத்துப் போங்கள்.