கலர் லென்ஸுக்கும் சீட்டு வேண்டும்

முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் மணப்பெண் அலங்காரக்காரர்களின் பெட்டியில் கலர் லென்ஸ் இல்லாமல் இருப்பதில்லை. தேன் நிறமா, சாம்பலா, பச்சையா என்று கேட்டு அங்கேயே மாட்டிவிடுகிறார்கள். சேலைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கிற அக்கறை, கண்ணுக்குப் பொருந்துகிறதா என்பதில் இல்லை. பொட்டும் வளையலும் விற்கிற ஃபேன்ஸி ஸ்டோரிலும் கிடைக்கிறது. செல்போனில் தட்டினால் வீட்டுக்கே வருகிறது. பவர் இல்லாத லென்ஸ்தானே என்ற சமாதானம் வேறு.

பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் லென்ஸ் உட்காரும் இடம் கருவிழிதான். அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. வேண்டிய ஆக்சிஜனைக் கண்ணீர்ப் படலத்தின் வழியே காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வளைவு 8.6, விட்டம் 14.2 மில்லிமீட்டர் என்று டப்பியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அந்த அளவு எல்லோர் கண்ணுக்கும் சேராது. இறுக்கமாக ஒட்டிக்கொண்டால் கருவிழியின் மேல்படலம் உரியும். உரிந்த இடத்தில் சூடோமோனாஸ் கிருமி புகுந்தால் ஓரிரு நாளிலேயே அரித்துவிடும். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவினால் அகாந்தமீபா தொற்றலாம். அதற்கு மாதக்கணக்கில் மருந்து விட வேண்டும். புண் ஆறினாலும் கண்ணில் பூ விழுந்துவிடும்.

1990களில் மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 11 பேருக்குக் கருவிழிப் புண் வந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. வயல் வேலையில் கண்ணில் கீறல் பட்டு வந்தவை அக்காலத்தில் மிகுதி. அது பிழைப்பில் பட்ட காயம். இதையோ காசு கொடுத்து வாங்குகிறோம்.

2024 ஜூலையில் இந்தி நடிகை ஜாஸ்மின் பாசின், தில்லி நிகழ்ச்சி ஒன்றுக்காக லென்ஸ் அணிந்து கருவிழியில் காயப்பட்டார். வலி தொடங்கியும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிகழ்ச்சியை முடித்த பிறகே மருத்துவரிடம் போனதாக அவரே சொன்னார். கல்யாணப் பெண்ணின் நிலை இதைவிட மோசம். வரவேற்பு மேடையில் கண் எரிகிறது என்று அவள் எழுந்து போக முடியுமா? வரிசையில் இன்னும் இருநூறு பேர் நிற்பார்கள்.

பவர் இல்லாத லென்ஸையும் அமெரிக்கா 2005-லேயே மருத்துவக் கருவி என்று சட்டமாக்கியது. மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. பிரிட்டனும் அதே ஆண்டு, பதிவு பெற்றவரின் மேற்பார்வையில்தான் விற்கலாம் என்று கட்டுப்படுத்தியது. இங்கே 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் எல்லாம் மருந்துச் சட்டத்தின்கீழ் வந்துவிட்டன. அவற்றை விற்பவர் எம்.டி.42 என்ற பதிவுச் சான்று பெற வேண்டும் என 2022-இல் விதியும் வந்தது. பவர் இல்லாத கலர் லென்ஸும் இதில் அடக்கம் என்று மத்திய அரசு ஐயமற அறிவிக்க வேண்டும். அழகுப் பொருள்தானே என்று நழுவ இடம் விடக் கூடாது. கண் அளவு பார்த்த சீட்டைக் காட்டினால்தான் விற்பனை என்பதையும் விதியில் சேர்க்க வேண்டும்.

அழகுபடுத்திக்கொள்வதை நாம் குறை சொல்லவில்லை. போடட்டும். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பே கண் மருத்துவரிடமோ ஆப்டோமெட்ரிஸ்டிடமோ அளவு பார்த்து, தனக்கென்று ஒரு ஜோடி வாங்கி, வீட்டில் போட்டுப் பழகட்டும். மேக்கப்புக்கு முன் லென்ஸைப் போட்டு, மேக்கப்பைக் கலைக்கும் முன் கழற்றிவிட வேண்டும். லென்ஸோடு தூங்கக் கூடாது. இன்னொருவருக்குப் போட்டதை எத்தனை முறை கழுவியிருந்தாலும் வாங்கி மாட்டக் கூடாது. கண் சிவந்து வலித்தால் உடனே கழற்றிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு, கிருமிக்கே கதவு திறந்துவிடும்.

இதெல்லாம் செலவு என்பார்கள். அலங்காரத்துக்கே பல ஆயிரங்கள் கொடுக்கிற குடும்பத்துக்குக் கண் பரிசோதனைக் கட்டணம் ஒரு பொருட்டல்ல. வசதியில்லாதவர்களுக்கு, 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது. மாவட்டத் தலைநகரங்களிலும் அரசு கண் பிரிவுகள் உண்டு.

மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்குச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கும் அவசியமில்லை. மருந்துக்கடைக்குச் சோதனைக்கு வரும் ஆய்வாளர், பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோரிலும் அழகு நிலையத்திலும் ஏறி, பதிவுச் சான்று எங்கே, இந்த லென்ஸ் எந்த இறக்குமதியாளரிடம் வாங்கியது, ரசீது உண்டா என்று கேட்கலாம். தை முகூர்த்தங்களுக்கு முன்பே அந்தச் சோதனை தொடங்க வேண்டும்.