கிராமக் குடிநீர்: பரிசோதனை முடிவு யாருக்கு?

கிராமங்களின் குடிநீர் வசதியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், எத்தனை கிணறுகள் தோண்டப்பட்டன, எத்தனை குழாய்கள் பொருத்தப்பட்டன என்ற கணக்கே முன்வந்து நிற்கிறது. அக்கணக்கு வேண்டியதே. ஆயினும், அந்நீரில் என்ன கலந்துள்ளது என்பதை அதைப் பருகுவோர் அறிவார்களா என்ற வினாவும் அதற்கு இணையாக எழவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் வசிக்கும் எம்மைப் போன்றோர்க்கு இக்கவலை பெரும்பாலும் இல்லை. 1974-ஆம் ஆண்டில் பெங்களூரை எட்டிய காவிரி நீர், ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றப்பட்டு, வடிகட்டப்பட்டு, குளோரின் கலக்கப்பட்டே நகருக்குள் வருகிறது. ஆனால் இந்நகருக்குக் கிழக்கே அமைந்த கோலார் ஜில்லாவின் கிராமங்கள் நெடுங்காலம் ஆழ்குழாய்க் கிணறுகளையே நம்பி வாழ்ந்தன. அங்கே பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்துள்ளது.

நகரம் முந்துவதும் கிராமம் பிந்துவதும் நம் நாட்டிற்கு மட்டும் உரிய குறையன்று. செல்வத்தில் சிறந்திருந்த இங்கிலாந்திலும் பெருநகரங்கள் குழாய் நீரைப் பெற்றுப் பல்லாண்டுகள் சென்ற பின்னரும் கிராமத்தார் கிணற்றையும் ஊற்றையும் நாடிக்கொண்டிருந்தனர். 1934-ஆம் ஆண்டில்தான் கிராமக் குடிநீருக்கென 10 இலட்சம் பவுன் மானியம் வழங்க அந்நாட்டுப் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது.

நம் கிராமங்களில் முதலில் எதிர்த்துப் போரிட வேண்டியிருந்தது கிருமிகளையும் புழுக்களையுமே. படிக்கிணற்றில் கால் நனைய இறங்கி நீர் முகந்த பழக்கத்தால் நரம்புச்சிலந்தி நோய் பரவியது. நோயாளியின் காலிலிருந்து வெளிப்படும் புழு நீரில் தன் குஞ்சுகளை விடும். அவற்றை உண்ட நுண்ணிய நீர்ப்பூச்சியை நீரோடு விழுங்குவோர்க்கு நோய் தொற்றும். படிகளை அடைத்து இறைகிணறாக மாற்றியும், நீரைத் துணியில் வடிகட்டியும், ஆழ்குழாய்க் கிணறுகளை அமைத்தும் இந்நோய் ஒழிக்கப்பட்டது. இந்தியாவில் 1996-க்குப் பின் இந்நோய் காணப்படவில்லை; 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது.

கடினப் பாறையைத் துளையிடும் யந்திரங்களும், 1970-களின் பிற்பகுதியில் உருவான 'இந்தியா மார்க் 2' அடிபம்பும் இம்மாறுதலுக்குப் பேருதவி புரிந்தன. கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதிக்கப்பட்டுச் சென்னையில் தயாரிக்கப்பட்ட அப்பம்பு, ஒரு கிராமம் முழுவதும் நாளெல்லாம் அடித்தாலும் தாங்கும் உறுதியுடையது.

எனினும், ஒரு தீங்கை நீக்கிய ஆழம் மற்றொன்றை மேலே கொணர்ந்தது. பாறையிடுக்கில் நெடுங்காலம் தங்கிய நீர், பாறையிலுள்ள புளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. அது பல்லைக் கறைப்படுத்தும். நாளடைவில் எலும்பையும் மூட்டையும் இறுகச் செய்யும். இது புதிதாய் அறிந்த உண்மையன்று. அந்நாளைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்நோய் இருப்பதை, கிண்டி கிங் நிலையத்தைச் சார்ந்த ஷார்ட் என்பாரும் அவர்தம் துணைவரும் 1937-இலேயே வெளியிட்டனர். புளோரைடு கலந்த நீருக்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினாலும் அது நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். பரிசோதனை ஒன்றே அதைக் காட்டவல்லது.

பரிசோதனைகள் இன்று நடைபெறாமல் இல்லை. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி கிராமந்தோறும் ஐந்து பெண்களுக்கு நீரைச் சோதிக்கும் பயிற்சி அளிக்க ஏற்பாடு உண்டு. ஆயின், முடிவு யாரைச் சென்றடைகிறது? விஞ்ஞான அறிக்கைகளைத் தமிழாக்கும் தொழிலில் உள்ளவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். 'புளோரைடு லிட்டருக்கு 2.4 மில்லிகிராம்' என்பதைப் பிழையின்றிப் பெயர்த்துவிடலாம். ஆனால் குடத்துடன் நிற்கும் தாய்க்கு அவ்வாக்கியம் எதையும் சொல்லாது. 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பதை அவர் அறியார். 'இந்நீர் குளிக்கவும் துவைக்கவும் ஆகும். குடிக்கவும் சமைக்கவும் ஆகாது' என்பதே அவருக்கு வேண்டிய மொழிபெயர்ப்பு.

இதற்கு வங்காளதேசம் நல்ல சான்றாகும். அங்கும் கிருமிக்கு அஞ்சி அமைத்த குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் நஞ்சு வெளிப்பட்டது. 2000-ஆம் ஆண்டையொட்டி ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டு, தீயவற்றிற்குச் சிவப்பும் நல்லவற்றிற்குப் பச்சையும் பூசப்பட்டன. எழுத்தறியாதாரும் அதைக் கண்டு உணர்ந்தனர்; பலர் வேறு கிணற்றை நாடினர்.

ஆகவே, ஒவ்வொரு குடிநீர்க் கிணற்றருகிலும் தொட்டியருகிலும் அவ்வூர் மொழியில் ஒரு பலகை வைத்தல் வேண்டும். சோதித்த தேதி, குடிக்கலாமா ஆகாதா என்ற முடிவு, ஆகாதெனில் நல்ல நீர் கிடைக்கும் இடம் ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும். புளோரைடின் அளவு மெல்ல மாறுவதால் அதற்கு ஆண்டுக்கொரு சோதனை பெரும்பாலும் போதுமானது. கிருமிக்கலப்போ ஒரே மழையில் நேரக்கூடும். எனவே மழைக்குப் பின் மறுசோதனை இன்றியமையாதது. நீரைச் சிறு புட்டியில் ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், மலக்கலப்பு இருப்பின் கறுத்துக் காட்டும் எளிய முறையும் நம்மிடம் உண்டு.

'ஆகாது' என எழுதினால் மக்கள் பீதியடைவர் என்பாரும் உளர். நல்ல நீர் உள்ள இடத்தையும் உடன் எழுதினால் பீதிக்கு இடமேது? எழுதாது விடுவதால் நீர் தூயதாகிவிடாது. மேலும், பலகையில் 'ஆகாது' என்று ஆண்டுதோறும் இருக்குமாயின், மாற்று ஏற்பாடு எங்கே என்று பஞ்சாயத்தைக் கேட்கும் உரிமையுணர்வு ஊராருக்குத் தானே பிறக்கும். அவ்வினாவை எழுப்பும் ஆற்றலைக் குழாயோடு சேர்த்துக் கிராமத்திற்கு அளிப்பதே முழுமையான குடிநீர்த் திட்டமாகும்.