இரவு உணவுக்கு ஒரு பருப்புச் சூப்



குளிர்காலம் தொடங்கிவிட்டது. பிற்பகல் நான்கரை மணிக்கே இருள் சூழ்ந்துவிடும் இந்நாட்களில், வேலையால் வீடு திரும்புவோர் முதலில் தேடுவது சூடான உணவையே. சென்ற வாரம் வாசகி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, எனக்கும் இவருக்கும் சீனி வருத்தம். இரவிலை சோறும் வேண்டாம், புட்டும் வேண்டாம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அப்ப நாங்கள் எதைத்தான் சாப்பிடுறது?" என்று கேட்டார். கேள்வியிற் கோபமும் இருந்தது, அழுகையும் இருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே கேள்வியை என் வைத்தியரிடம் நானும் கேட்டிருக்கிறேன். ஆதலால் இவ்வாரப் பத்தியை அச்சகோதரிக்கு மறுமொழியாகவே எழுதுகிறேன். அவர் வேண்டுவது ஒரு பானைப் பருப்புச் சூப் ஆகும்.

"பருப்பா?" என முகஞ் சுளிப்போர் நம்மிடையே உண்டு. நானும் நெடுங்காலம் அவ்வாறு சுளித்தவளே. அதற்கான காரணத்தை முதலிற் கூறிவிடுகிறேன்.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, கொட்டும் மழையில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட இலட்சக்கணக்கானோருள் எங்கள் குடும்பமும் ஒன்று. அப்போதுதான் ஆசிரியப் பணியிற் சேர்ந்திருந்தேன். முதலில் தென்மராட்சி, பின்னர் வன்னி. நிவாரண அட்டைக்குச் சங்கக்கடையில் அரிசி, மா, சீனி, பருப்பு ஆகியன அளந்து தருவார்கள். வந்தாற்தான் உண்டு. ஏழு பேருக்கு ஒரு பிடி பருப்பை அவித்து, உப்பும் மஞ்சளும் இட்டு அம்மா பரிமாறுவார். தேங்காய் வாங்க வழியில்லை. "தண்ணியைக் கூட்டினால் பருப்பும் கூடும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். அடியிற் கிடக்கும் பருப்பை எங்களுக்கு அள்ளி வைத்துவிட்டு, மேலே தெளிந்த நீரைத் தாம் குடிப்பார். அம்மாவுக்கும் சீனி வருத்தம் இருந்தது. மாத்திரை சில மாதங்களில் கிடைக்கும். பல மாதங்களிற் கிடையாது. 1998 இல் அங்கேயே அவர் காலமானார்.

அதன்பின் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்த நான், இனி என் வீட்டிற் தண்ணீர்ப் பருப்பு ஆக்குவதில்லை என்று மனத்திற் தீர்மானித்துக்கொண்டேன். பருப்பென்றால் முதற்பால் விட்டு, நெய்யில் தாளித்து, கரண்டி நிமிர்ந்து நிற்கும் பதத்தில் இருத்தல் வேண்டும். அத்துடன் ஒரு கோப்பை நிறையச் சோறும் வேண்டும். பட்டினி கிடந்த வயிற்றுக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் என் உடல் அந்நியாயத்தை ஏற்கவில்லை. வைத்தியர் குருதிப் பரிசோதனைத் தாளை என் முன்னே வைத்தபோது எனக்கு நாற்பத்தொன்பது வயது.

இந்தச் சூப்பை எனக்குக் கற்பித்தவர் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வசித்த ஜேர்மன் மூதாட்டி. போர் முடிந்ததன் பின்னர், 1946 இல், கிழக்கே தம் ஊரிலிருந்து விரட்டப்பட்டுத் தாயின் கையைப் பிடித்தவாறு இப்பகுதிக்கு வந்து சேர்ந்தவர். அவரும் ஒரு காலத்து அகதியே. என் கதையைக் கேட்டுவிட்டு, "எங்கள் அம்மாவும் அப்படித்தான் தண்ணீரைக் கூட்டினார்; ஆனால் இப்போது நான் காய்கறியைக் கூட்டுகிறேன்" என்றார். அன்று மாலையே தம் அடுப்படிக்கு என்னை அழைத்துச் சென்றார்.

எந்தப் பருப்பு?

நாம் மைசூர்ப் பருப்பு என்று வழங்குவது தோல் நீக்கி இரண்டாக உடைக்கப்பட்ட பருப்பு. அதே பயிரின் தோல் நீக்காத முழுப் பருப்பே இந்நாட்டுக் கடைகளில் மண்ணிறமாகவும் பச்சையாகவும் விற்கப்படுகிறது. அவற்றுட் பெரியதும் தட்டையானதுமான வகையை இங்கே 'டெல்லர்லின்சன்' என்பர். முன்னர் அகதி விடுதியில் எங்களுக்குத் தந்த உணவுப் பொதியில் இப்பருப்பும் இருந்தது. என்னவென்று அறியாமல், ஆட்டுக்கு வைக்கும் தீனியோ என்று ஐயுற்று அதனைக் குப்பையில் கொட்டியிருக்கிறோம்! பழக்கமான மைசூர்ப் பருப்பின் மறு உருவத்தையே கொட்டினோம் என்பது பின்னரே புரிந்தது.

நூறு கிராம் உலர்ந்த பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. நார்ச்சத்தும், இரும்பும், போலிக் அமிலமும் மிகுதி. தோலுடன் கூடிய பருப்பில் நார்ச்சத்து மேலும் கூடுதலாகும். பருப்பிலுள்ள மாச்சத்து மெல்லச் சமிபாடடைவதால், வெள்ளைச் சோற்றையோ வெள்ளைப் பாணையோ உண்டபின் ஏறுவதுபோலக் குருதியிற் சீனி விரைந்து ஏறுவதில்லை. வயிறும் நெடுநேரம் நிறைந்திருக்கும். சீனி வருத்தக்காரருக்கு இரவுணவாக இதனை நான் பரிந்துரைப்பது இக்காரணத்தினாலேயே.

தேவையானவை (ஐந்து பேருக்கு)

தோலுடன் கூடிய மண்ணிறப் பருப்பு 250 கிராம்; மைசூர்ப் பருப்பு 50 கிராம்; பெரிய வெண்காயம் 1; உள்ளி 6 பல்லு; இஞ்சி ஒரு சிறு துண்டு; கரட் 2; லீக்ஸ் 1; செலரிக் கிழங்கு ஒரு சிறு துண்டு; உருளைக்கிழங்கு 1; தக்காளி 2; கீரை இரண்டு கைப்பிடி; மஞ்சள் அரைத் தேக்கரண்டி; மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி; நற்சீரகம் ஒரு தேக்கரண்டி; செத்தல் மிளகாய் 2; கறிவேப்பிலை; எண்ணெய் 2 மேசைக்கரண்டி; உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி; வினாகிரி ஒரு மேசைக்கரண்டி அல்லது அரைத் தேசிக்காயின் புளி; தண்ணீர் ஒன்றே முக்கால் லீற்றர்.

கரட், லீக்ஸ், செலரிக் கிழங்கு ஆகிய மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டிச் சூப்புக்கென்றே இந்நாட்டுக் கடைகளில் விற்கிறார்கள். விலையும் மலிவு.

செய்முறை

மண்ணிறப் பருப்பைக் கல், மண் பார்த்துக் கழுவிக்கொள்ளுங்கள். கடலை, பயறு போல இதனை இரவிரவாக ஊறவைக்க வேண்டியதில்லை. லீக்ஸின் மடல்களுக்கிடையே மண் ஒளிந்திருக்கும். நெடுக்காகப் பிளந்து ஓடும் நீரிற் கழுவுதல் நன்று.

அடிகனமான பானையில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைச் சூடாக்கி, வெண்காயத்தையும், நான்கு பல்லு உள்ளியையும், இஞ்சியையும் சிறிதாக அரிந்து போட்டு வதக்குங்கள். வெண்காயம் பொன்னிறமாகும்வரை பொறுத்திருங்கள். இச்சூப்பின் சுவையிற் பாதி இந்தப் பொறுமையிலேயே இருக்கிறது. பின்னர் கரட், லீக்ஸ், செலரிக் கிழங்கு ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக்கி இட்டு, ஐந்து நிமிடம் கிளறுங்கள்.

அடுத்து, மண்ணிறப் பருப்பையும் மஞ்சளையும் இட்டுத் தண்ணீரை ஊற்றுங்கள். கொதித்து நுரை மேலெழும்போது அதனை அள்ளிவிட்டு, அடுப்பைக் குறைத்துப் பானையை அரைகுறையாக மூடி வையுங்கள். இருபது நிமிடம் கழிந்தபின் மைசூர்ப் பருப்பையும் உருளைக்கிழங்கையும் சேருங்கள். மைசூர்ப் பருப்பு விரைவிற் கரைந்து சூப்பைத் தடிப்பாக்கும். இதனால் பாலோ வெண்ணெயோ கோதுமை மாவோ தேவைப்படாது. மேலும் இருபது நிமிடத்தில் எல்லாம் மெத்தென்று அவிந்திருக்கும். தண்ணீரிற் சுண்ணாம்பு மிகுந்த ஊர்களில் பருப்பு அவியப் பிந்தும். அங்கு வசிப்போர் கூடுதலாகப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருத்தல் வேண்டும். வடிகட்டிய தண்ணீரைப் பயன்படுத்தினாலும் நன்றே.

பருப்பு அவிந்ததன் பின்னரே தக்காளியைச் சேருங்கள். புளிப்பு முன்கூட்டியே சேர்ந்தால் பருப்பு இறுகி அவிய மறுக்கும். உப்பும் மிளகுத்தூளும் இட்டு, பானையின் ஒரு பகுதியை மட்டும் மத்தினால் மசியுங்கள். முழுவதையும் மசித்தால் அது கூழாகிவிடும். பருப்பு பல்லிற் கடிபடுவதே இதன் இன்பம். கடைசியில் கீரையைப் போட்டு இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள்.

எஞ்சிய எண்ணெயில் நற்சீரகம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, நசுக்கிய உள்ளி இரண்டு பல்லு ஆகியவற்றைத் தாளித்துச் சூப்பிற் கொட்டுங்கள். மூதாட்டியின் முறையில் இத்தாளிதம் இல்லை; இது என் சேர்க்கை. அவரும் சுவைத்துப் பார்த்துவிட்டு, மறுவாரம் நற்சீரகம் எங்கே வாங்கலாம் என்று கேட்டார். இறுதியாக வினாகிரியைச் சேருங்கள். வினாகிரி விடாத பருப்புச் சூப்பை இந்நாட்டுப் பழையவர்கள் சூப்பென்றே கொள்வதில்லை. நம் வாய்க்குத் தேசிக்காய்ப்புளியே பொருந்தும். அதில் ஒரு நன்மையும் உண்டு: தேசிக்காயிலுள்ள விற்றமின் சீ, பருப்பிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சிக்கொள்ளத் துணைபுரிகிறது. இரத்தச் சோகையுள்ள பெண்கள் இதனைக் கவனத்திற் கொள்க. உணவுடன் தேநீர் அருந்தும் வழக்கத்தை விட்டு, ஒரு மணி நேரம் கழித்து அருந்துதல் நன்று. தேயிலை அவ்விரும்பைத் தடுக்கும்.

சில குறிப்புகள்

மேற்சொன்ன அளவில் ஒருவருக்கு ஏறத்தாழ 14 கிராம் புரதம் பருப்பிலிருந்தே கிடைக்கும். சீனி வருத்தக்காரர் உருளைக்கிழங்கைத் தவிர்த்துக் கரட்டையும் கீரையையும் கூட்டலாம். தொட்டுக்கொள்ளத் தவிட்டுப் பாண் ஒரு துண்டு போதும். குருதி அமுக்கம் உள்ளோர் கடையில் விற்கும் சூப்புக் கட்டியையும், ரின்னில் அடைத்த சூப்பையும் விட்டொழியுங்கள். அவற்றில் உப்பு மிகுதி. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சிறுநீரக நோயுள்ளோர் தம் வைத்தியரிடம் கேட்ட பின்னரே பருப்பைக் கூட்டுதல் வேண்டும். முன்பு பருப்புக் குறைவாக உண்டவர்கள் சிறு கோப்பையிலிருந்து தொடங்குங்கள். வயிறு பழகச் சில நாள் செல்லும்.

இரவு வேலைக்குச் செல்வோருக்கு இது நல்ல துணை. சூடாகவே போத்தலில் அடைத்துக் கொண்டு செல்லலாம். மீதியை ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வரை வைக்கலாம். மறுநாள் இறுகியிருக்கும், சுடுதண்ணீர் சேர்த்து நன்கு கொதிக்கவையுங்கள்.

இப்பருப்பைப் பற்றிய செய்தி ஒன்றையும் கூறிவிடுகிறேன். தென் ஜேர்மனியின் சுவாபிய மலைப் பகுதியில் முன்னர் பருப்பு விளைந்தது. விளைச்சல் கட்டுப்படியாகாமையால், 1960களில் அது அங்கே அற்றுப்போயிற்று. விதையும் தொலைந்தது. பின்னர் 2006 இல், ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலுள்ள வவிலோவ் நிறுவனத்தின் விதைக் களஞ்சியத்தில் அவ்விதை கண்டெடுக்கப்பட்டு, மீண்டும் அதே மலையில் விதைக்கப்பட்டது. அந்நகர் 1941 முதல் 1944 வரை ஜேர்மன் படைகளின் முற்றுகையிற் பட்டினி கிடந்தபோது, கையருகே தானியமிருந்தும் அதனை உண்ணாமல் காத்து உயிர்விட்ட விஞ்ஞானிகள் அந்நிறுவனத்தில் இருந்தனர். இன்று அம்மலைப் பருப்பு கடைகளில் விற்கப்படுகிறது. விலை சற்று அதிகம். ஆண்டுக்கொரு முறை, அம்மாவின் திதிக்கு அடுத்த நாள், நான் அதையே வாங்கிச் சமைப்பதுண்டு.

என் குருதியிற் சீனி இப்போது கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரையும், நாளாந்த நடையும், இரவுச் சோற்றை விட்டதும் சேர்ந்து தந்த பயன் அது. சூப் மட்டுமே மருந்தென்று நான் கூறமாட்டேன். ஆயினும் சோற்றை விடுவதற்குத் துணைநின்றது இந்தச் சூப்பே.

முதல் நாள் இதனைச் சமைத்தபோது என் மகள் கோப்பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்கள் தண்ணிப் பருப்பு சமைக்கவே மாட்டீங்களே, ஏன்?" என்று கேட்டாள். அதுவரை அவளுக்குச் சங்கக்கடை வரிசையையோ, அம்மம்மா குடித்த தெளிநீரையோ நான் சொல்லியிருக்கவில்லை. அன்று சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து சென்று அகப்பையை எடுத்து, பானையின் அடியிலிருந்து பருப்பை அள்ளி முதலில் என் கோப்பையில் இட்டாள்.

தொலைபேசியிற் பேசிய சகோதரிக்கு நான் கூற விரும்புவது இதுவே. நம் தாய்மார் மருந்துக்கும் உணவுக்கும் வழியின்றி நோயைத் தாங்கினார்கள். நமக்கு மருந்துண்டு, வைத்தியருண்டு, பருப்பும் உண்டு. கோபத்தை விட்டு, இந்தச் சனிக்கிழமை பானையை அடுப்பில் ஏற்றுங்கள். எப்படி வந்ததென்று எழுதுங்கள்.

அடுத்த வாரம், குரக்கன் மாவிற் செய்யத்தக்க உணவுகள் பற்றிப் பார்ப்போம்.