நிழலில் தெரியும் நோய்

1895-ம் வருஷம் ஜெர்மனி தேசத்துப் பேராசிரியர் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கிரணங்களைக் கண்டுபிடித்தார். 1901-ல் பௌதிக சாஸ்திரத்துக்கு அளிக்கப்பட்ட முதல் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. 2024-ல் அதே பரிசை ஹாப்ஃபீல்டு, ஹிண்டன் என்னும் இருவர் பெற்றார்கள். கம்ப்யூட்டரில் இயங்கும் செயற்கை நரம்பு வலைக்கு அடிகோலியவர்கள் அவர்கள். இவ்விரண்டு வித்தைகளும் இப்போது ஒன்று சேர்ந்து நம் இருதயத்தைச் சோதிக்கக் கிளம்பியிருக்கின்றன.

மார்புப் படத்தில் இருதயம் வெறும் நிழலாகவே தெரியும். அதன் அகலம் மார்பின் அகலத்தில் பாதியை மிஞ்சினால் இருதயம் பெருத்திருக்கலாமென வைத்தியர்கள் சந்தேகிப்பது வழக்கம். வால்வில் இன்ன பழுது என்று அறிய எக்கோ பரிசோதனை வேண்டும். ஜப்பானில் ஒஸாகா நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 16,946 நோயாளிகளின் 22,551 படங்களை எக்கோ முடிவுகளுடன் சேர்த்து, நரம்பு வலையைப் பயிற்றியும் சோதித்தும் பார்த்தார்கள். விடை தவறும்போதெல்லாம் வலைக்குள் இருக்கும் எண்கள் சற்றே திருத்தப்படும். பிறகு அடுத்த படம். இவ்வாறு பயின்ற வலை, வால்வுக் கோளாறுகளை நிழலிலிருந்தே பெரும்பாலும் இனங்கண்டதாக 2023-ல் அறிவித்தார்கள்.

நமது கொங்கு நாட்டுக்கு இதனால் என்ன லாபம் என்று நேயர்கள் கேட்கலாம். எக்கோ பார்ப்பதற்குப் பர்கூர் மலைவாசி வெகு தூரம் இறங்கி வரவேண்டும். மார்புப் படமோ காசநோய்ச் சோதனைக்காக எப்படியும் எடுக்கப்படுகிறது. அப்படங்களைக் கம்ப்யூட்டரே படித்துச் சொல்லலாமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் சம்மதித்தது. அதே படத்தில் இருதயத்தையும் பார்த்துவிட்டால் வீண்செலவு ஏது?

தூரத்தை வெல்வது நமக்குப் புதிதன்று. கோவை இருதய வைத்தியர் தாமஸ் அலெக்ஸாண்டரும் சகாக்களும் சிற்றூர் ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளுடன் இணைத்து, மாரடைப்பு நோயாளிகளின் இ.சி.ஜி.யைத் தொலைவிலிருந்தே பார்க்க ஏற்பாடு செய்தார்கள். 2017-ல் வெளியான அதன் கணக்குப்படி, ஒரு வருஷத்துக்குள் மாண்டவர்கள் நூற்றுக்கு 17.6-லிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கணக்கைப் போடாமல் வாத்தியாரின் முகத்தைப் பார்த்து விடை சொல்லும் பிள்ளைகளை நாம் வகுப்பில் கண்டிருக்கிறோம். நரம்பு வலையும் அந்த ஜாதிதான்! 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், நிமோனியாவைக் கண்டறியப் பயின்ற வலை, படத்தின் மூலையிலிருந்த உலோக அடையாளத்தைக் கவனித்து, எந்த ஆஸ்பத்திரிப் படம் என்பதை ஊகித்துக்கொண்டது தெரிந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் அந்நோயாளிகள் அதிகம், மற்றொன்றில் குறைவு. ஊகத்துக்கு அதுவே போதுமாயிற்று. பழகாத ஆஸ்பத்திரிப் படங்களில் பல தடவை அதன் திறமை குன்றியது.

ஆகையால், ஒஸாகாவில் தேறிய யந்திரம் ஈரோட்டிலும் தேறும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டலாகாது. நம் ஜனங்களின் படங்களைக் கொண்டு, நம் வைத்தியர்கள் முன்னிலையில் அதற்குப் பரீட்சை வைக்கவேண்டும். தேறினாலும் அது சொல்வது சந்தேகம் மட்டுமே. முடிவு கூறுவது வைத்தியர் பொறுப்பு. சந்தேகம் என்று சொல்லப்பட்ட ஏழைக்கு எக்கோவும் சிகிச்சையும் கிடைக்க வழி செய்யாவிட்டால், நோயை முன்கூட்டியே அறிந்து கவலைப்பட்டதுதான் அவன் கண்ட பலனாகும்.